துரை ஜன்னல்

அந்த ஜன்னல் நொறுங்கிப் போயிருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் இதை ஒரு சமாதானக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரில் பாலகாட் தாண்டி, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கருங்கல் சர்ச் இருக்கிறது. சுரங்கத்து வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. அவர்கள் கப்பலேறிய பிறகு எங்கள் ஊர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கைக்கு வந்தது. அதன் தெற்குச் சுவரில் மூன்று வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். மூன்றும் செத்துப்போனவர்களின் நினைவாக வைத்தவை. ஓரத்தில் இருக்கும் இரண்டும் யாரோ ஒரு துரைசானிக்கும் ஒரு குழந்தைக்கும். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. நடுவில் இருப்பதைத்தான் எங்கள் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் நாங்கள் துரை ஜன்னல் என்போம்.

அதில் நீலச் சிறகு விரித்த ஒரு தேவதை. அதன் காலடியில் ஒரு சுரங்கத் தொழிலாளி மண்டியிட்டு விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். தொழிலாளி என்று பெயர்தான். கன்னம் ரோஜா நிறம், தாடி பொன் நிறம். இடுப்பளவே உயரமுள்ள பொந்துகளில் முட்டி போட்டுப் பாறை உடைத்தவர்களில் அப்படி ஒரு முகத்தை எங்கள் லைன் வீடுகளில் யாரும் பார்த்ததில்லை. அவனுக்கும் கீழே பழுப்புக் கண்ணாடியில் துரையின் பெயர். அதை நான் இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை எழுதி வைத்தது போதும்.

துரை செத்த அன்று, அதே இடத்தில், என் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் செத்தார். பூமிக்கடியில் பாறை வெடித்து, அவர்கள் இருந்த சுரங்கத் தளம், லெவல் என்போம், சரிந்தது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை நாங்கள் கேஜ் என்போம். அந்தக் கேஜில் துரையின் உடல் மேலே வந்தது. மற்றவர்களைத் தேடிப் போவது ஆபத்து என்று சொல்லி, லெவலின் வாயில் சுவர் எழுப்பி மூடிவிட்டார்கள். தாத்தா இன்னும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறார். வேறு யார் என்ன சொல்லுவார்களோ எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் சொன்னது இதுதான். துரைக்குச் சீமையிலிருந்து கண்ணாடி வந்தது. தாத்தாவுக்குச் சுடுகாட்டில் பால் ஊற்ற ஒரு பிடி சாம்பல்கூட வரவில்லை.

இந்த ஜன்னலைப் பழுதுபார்க்கத்தான் என் மகள் வந்தாள்.

அவள் பெங்களூரில் ஓவியம் படித்தாள். படிப்பு முடிந்ததும் கண்ணாடி வேலை செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்துகொண்டாள். சர்ச் கமிட்டி அந்தப் பட்டறையிடம் வேலையைக் கொடுத்தது. மகள் எனக்குப் போனில் சொன்னாள்.

“அம்மா, அடுத்த மாசம் நம்ம ஊர்லயே வேலை. வீட்ல இருந்தே போய்க்கலாம்.”

“எங்க?”

சொன்னாள்.

“அதப் போயி நீ ரெடி பண்ணப் போறியா?”

“அது கிளாஸ்ம்மா. அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

“உனக்குத் தெரியும் இல்ல?”

“தெரியும். அதுக்கு இன்னா பண்ணணும்? கல்லெடுத்து அடிக்கணுமா?”

அடித்தால் தேவலை என்றுதான் இருந்தது.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இருபது வருஷமாக விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறவள் நான். ரயில் கொஞ்ச நேரம் நின்றால் வீட்டுக்குப் போன் செய்வேன், வீட்டில் யாரும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குச் செய்வேன். மகளின் இந்த வேலையிலோ பயப்படுவதற்குப் பஞ்சமே இல்லை. உயரம், கண்ணாடி, ஈயம். அந்த ஜன்னல்களில் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப் பட்டைகள். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் இணையத்தில் படித்து வைத்திருந்தேன். ஓசூரில் வேலை பார்க்கும் அவள் அப்பா, “அவ சின்னக் கொழந்தையா, விடு” என்றார். விடவில்லை. ஆபீஸில் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு, சோப்பு, துண்டு, டிபன் பாக்ஸோடு முதல் நாளே சர்ச்சுக்குப் போய், துரை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

கமிட்டி செக்ரட்டரிக்கு அது பிடிக்கவில்லை. மைன் மூடும்வரை டைம் ஆபீஸில் வருகைப் பதிவு எழுதியவர். அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஷிப்ட்டில் இறங்கியவர்கள், இரண்டு வீட்டுக்கும் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அவர்கள் ஞானஸ்நானம் வாங்கினார்கள், நாங்கள் மாரியம்மனோடு நின்றுகொண்டோம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஜன்னலைப் பற்றிப் பேசும்போது அவர் ஏதோ துரையின் பேரன் மாதிரிதான் பேசுவார்.

“இன்னாமா, டெய்லி வந்து குந்திக்கினு கீற? இது சர்ச்சா, பஸ் ஸ்டாண்டா?”

“என் பொண்ணு மேல கீறா, நான் கீழ கீறேன். உங்களுக்கு இன்னாண்ணா கஷ்டம்?”

“பொட்டு வச்ச பொண்ணு தேவதை மூஞ்சிக்கு நேரா ஏறி நிக்குதேன்னு சனங்க என்னியத்தான் கேக்குது.”

“வேற ஆள் இருந்தா கூட்டியாங்க. இப்பவே இட்டுகினு போயிடறேன்.”

“ஆள் இருந்தா நான் ஏன் உன் மூஞ்சப் பாத்துகினு நிக்கறேன்?” என்றவர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். “எவ்ளோ பெரிய மனுசன் தெரியுமா அவுரு? நம்ம சனங்களுக்குச் சோறு போட்டவரு. உங்க தாத்தாவும் அந்தச் சோத்தத் தின்னவருதான்.”

“தின்னாரு. அதுக்குத்தான் அவர அங்கியே வுட்டுட்டு வந்தாங்க.”

சாரத்தின் மேலிருந்து மகளின் குரல் வந்தது. “ரெண்டு பேரும் வெளிய போயி சண்ட போடுங்க, பிளீஸ். உள்ள எக்கோ அடிக்குது.”

இருவரும் வெளியே போகவில்லை. அவர் பித்தளைக் குத்துவிளக்கைத் துடைக்கப் போனார். நான் சோப்பை எடுத்து வெளியே வைத்தேன்.

ஜன்னல் ஒரே கண்ணாடி அல்ல என்பது எனக்கு அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. கதவுப் பலகைகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பல பாகங்கள். சுவருக்குள் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருக்கின்றன. ஒவ்வொரு பாகத்தின் ஈயத்திலும் செப்புக் கம்பிகள் பற்றவைத்து, அவற்றை அந்த இரும்போடு முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டு ஈயம் தளர்ந்து, கண்ணாடி தொந்திபோல முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. ஓரத்துக் காரையைச் சுரண்டி, செப்பு முறுக்கைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாக மேலிருந்து கழற்ற வேண்டும். பட்டறையில் வைத்துச் சரிசெய்து திரும்ப மாட்ட வேண்டும். மகளும் அவளோடு வேலை செய்யும் ஒரு பெண்ணும் தேவதையின் தலையையும் சிறகையும் அப்படிக் கழற்றிவிட்டார்கள். அந்தப் பெண் அவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போன நாளில்தான் ஏர் பிளாஸ்ட் வந்தது.

ஏர் பிளாஸ்ட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழே தோண்டித் தோண்டி வெறுமையாக்கிய இடங்களில் பாறை தாங்காமல் வெடிக்கும். மேலே தரை குலுங்கும், பாத்திரம் உருளும், சுவர் கீறல் விடும். மைன் ஓடிய காலத்தில் தரை குலுங்கினால் எங்கள் வீடுகளில் ஒரே பழக்கம்தான். அடுப்பை அணை, கதவைத் திறந்தபடியே விடு, ஆட்கள் இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் கேட்டுக்கு ஓடு. அங்கே நின்று சைரன் வருகிறதா என்று கேட்க வேண்டும். சைரன் வந்தால் யாரோ ஒருத்தியின் தாலி போயிற்று. வராவிட்டால் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைக்கலாம். ஒருமுறை தூளியில் தூங்கிய என்னை அப்படியே விட்டுவிட்டு ஓடியதாக அம்மா சிரித்துக்கொண்டே சொல்லுவாள். கேட்டவர்களும் சிரிப்பார்கள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. மேலே இருக்கிறவர்களுக்கு என்ன ஆகிவிடும்? ஆபத்து எப்போதும் கீழேதான்.

மைன் மூடிக் கீழே தண்ணீர் நிறைந்த பிறகும் எப்போதாவது தரை குலுங்கத்தான் செய்கிறது. பெங்களூரில் படித்த என் மகளுக்கு அது ஒரு செய்தி. எங்களுக்கு அது காலில் இருக்கிறது.

அன்று மதியம் மகள் துரையின் பெயரும் மண்டியிட்ட ஆளும் இருந்த பாகத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முறுக்குகளை அவிழ்த்துவிட்டு, தற்காலிகமாக இரண்டு கம்பியில் நிறுத்தியிருந்தாள். செக்ரட்டரி பீடத்துக்குப் பக்கத்தில் இருந்தார். பாடகர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் பூச்சாடிகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்து, “சாப்பிட வா” என்று குரல் கொடுத்தேன். “தோ, அஞ்சு நிமிஷம்” என்றாள்.

முதலில் பாதத்தில்தான் தெரிந்தது. பிறகு டிபன் பாக்ஸின் மூடி பல் கிட்டுவதுபோல் அடித்துக்கொண்டது. கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பின.

ஓடியது எனக்கு நினைவில்லை. சர்ச் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன், அதுதான் நினைவிருக்கிறது. என் பக்கத்தில் செக்ரட்டரி, அவருக்குப் பக்கத்தில் கையில் சோப்பு நுரையோடும் ஒரு பூச்சாடியோடும் அந்தப் பெண். மூன்று பேரும் ஒரே பக்கம் பார்த்து நின்றோம். யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரமும், அதற்கப்பால் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேடும் தெரிந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்தும் பெண்கள் வாசலுக்கு வந்து அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சைரனுக்குக் காது கொடுத்திருந்தோம். நாயும் குரைக்கவில்லை.

“சைரன் வரல” என்றார் செக்ரட்டரி.

“வரலீங்க” என்றாள் அந்தப் பெண்.

“வரல” என்றேன் நானும். சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு மனிதனும் இறங்காத ஒரு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நான் நிம்மதியாக நின்றேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து, “அம்மா” என்று கேட்டது. கத்தல்கூட இல்லை. கூப்பிடுகிற குரல்தான்.

தற்காலிகக் கம்பிகள் விட்டுப்போய், அந்தப் பாகம் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவள்மேல் சாய்ந்திருந்தது. ஈயம் வளைந்து, கண்ணாடி முழுவதும் ஒரு பாய் மடங்குவதுபோல மடங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை மார்பாலும் இடது கையாலும் தாங்கி நின்றாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழிந்து, ரத்தம் துரையின் பெயர்மேல் ஓடிச் சாரத்தின் பலகையில் சொட்டியது.

“கண்ணாடி! கண்ணாடி!” என்று கத்திக்கொண்டே செக்ரட்டரி ஏறினார். மூட்டுவலிக்காரர் எப்படி ஏறினாரோ. “வுடும்மா, நான் புடிச்சிக்கினேன், வுடு” என்றார். அவள் கை அதிலிருந்து பிரியவில்லை. பின்னாலேயே ஏறிய நான்தான் விரல் விரலாகப் பிரித்தேன்.

கீழே இறக்கி வைத்ததும் அவர் முதலில் குனிந்து பார்த்தது கண்ணாடியை. “தோள்ல விரிசல் வுட்டுக்கிச்சே” என்றார். அந்த மண்டியிட்ட தொழிலாளியின் தோள்.

“என் பொண்ணு கை தொங்கிக்கினு கீது, நீங்க அவன் தோளப் பாக்கறீங்களா? அவன் தோளுக்கு இன்னா ஆவும்? வலிக்குமா?”

“யாரு வந்து கேட்டாலும் நான்தானம்மா பதில் சொல்லணும்!”

“சொல்லுங்க. கேட்டுக்கு ஓடிட்டேன்னு சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதே வார்த்தை எனக்கும் சேர்த்துத்தான் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, துண்டைச் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு மகள் கேட்டாள். “நீ எங்கம்மா இருந்த?”

“வெளிய.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அதற்கு மேல் நான் சொல்லவும் இல்லை.

தையல் போட்டார்கள். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கொஞ்ச நாளைக்கு அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் நான் பட்டறைக்குப் போன் செய்து, இந்த வேலைக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். எடுத்தவர் சிரித்தார். சற்று முன்புதான் கமிட்டி செக்ரட்டரியும் அதையே கேட்டாராம்.

மகளுக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டில் பெரிய சண்டை.

“உனக்கு அந்த ஆளப் பிடிக்காது, அந்த ஆளுக்கு உன்னப் பிடிக்காது. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே ஃபோன் பண்றீங்க. இன்னா கூட்டணிம்மா இது?”

“கை போயிருந்தா?”

“போகல இல்ல? பர்வாகில்ல, விடு.”

“கன்னடத்துல சொல்லிட்டா சரியாப் போச்சா? நீ வுட்டிருக்கணும் அந்தச் சனியன. வுழுந்து தூளாயிருக்கட்டும். நம்ம தாத்தாவ அங்க வுட்டுட்டு வந்தவனுக்காக நீ ஏன்டி ரத்தம் சிந்தணும்?”

“அவனுக்காக யாரு புடிச்சா?”

“பின்ன?”

“கீழ நீ டிபன் பாக்ஸத் தொறந்து வச்சிக்கினு இருந்த. குனிஞ்சு பாக்க முடியல. நேரா உன் தலைமேல விழும்னு நெனச்சேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய் ஒற்றைக் கையால் தண்ணீர் மொண்டு குடித்தாள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அந்த பெஞ்சு காலியாக இருந்தது. ஒரு காலி பெஞ்சின் மேல் விழாமல் இருப்பதற்காக அவள் அதைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் ஒரு காலிக் குழிக்காக ஓடியிருக்கிறேன். 

அவள் அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஏர் பிளாஸ்ட், கை கிழிந்தது, தையல் போட்டாயிற்று என்றேன். எங்கே இருந்தாய் என்று அவர் கேட்கவும் இல்லை. அவர் தர்மபுரிக்காரர், சுரங்க ஊர்க்காரர்போல அதைக் கேட்கத் தெரியாது.

வேலையை அவள் விடவில்லை. பட்டறையிலும் அவளையே முடிக்கச் சொல்லிவிட்டார்கள். பாகங்கள் எல்லாம் சரியாகித் திரும்பி வந்தன. தொழிலாளியின் தோளில் விரிசலை ஒட்டியிருந்தார்கள், உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடு தெரியும். செக்ரட்டரி உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு, “தெரியுதே” என்றார். “தெரியட்டும்” என்றாள் மகள்.

பெயர் இருந்த பாகத்தை மாட்டும் நாளில் ஆள் போதவில்லை. கூட வேலை செய்யும் பெண் வெளியே ஏணியில் நின்று ஓரத்துக்குக் காரை பூச வேண்டும். உள்ளே மகள் செப்புக் கம்பிகளை முறுக்க வேண்டும். அவள் முறுக்கி முடிக்கும்வரை யாராவது பாகத்தை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், அவள் இடது கைக்கு அந்தப் பாரம் ஆகாது.

“அண்ணன் புடிக்கட்டும்” என்றேன்.

“எனக்கு முட்டி வலி. அன்னிக்கு ஏறினதே இன்னும் குத்துது. நான் சாரத்தப் புடிச்சிக்கறேன்” என்றார் செக்ரட்டரி.

“அம்மா, ஏறு” என்றாள் மகள்.

ஏறினேன். உயரம் எனக்கு ஆகாது. பலகை ஒவ்வொரு அடிக்கும் முனகியது. இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதிக்கச் சொன்னாள். பதித்தேன். சில்லென்று இருந்தது. என் முகத்துக்கு நேரே, மூக்கு உரசும் தூரத்தில், துரையின் பெயர். ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க வேண்டியதாயிற்று. வேறு எங்கே பார்ப்பது? அப்பா உயிரோடு இருந்து, நான் அவன் பெயரை இரண்டு கையாலும் ஏந்தி நிற்பதைப் பார்த்திருந்தால் என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பார்.

“அழுத்திப் பிடி. நான் சொல்ற வரைக்கும் விட்டுடாத.”

“சும்மா பேசாம முறுக்கு.”

ஒரு முனை முடிந்தது. அடுத்தது முடிந்தது. மூன்றாவதை அவள் முறுக்கிக்கொண்டிருக்கும்போது தரை அதிர்ந்தது. என் உள்ளங்கைகளுக்கு அடியில் கண்ணாடி முழுவதும் உறுமியது. கீழே செக்ரட்டரி சாரத்தை விட்டுவிட்டார். அவருடைய செருப்புச் சத்தம் வாசலை நோக்கிப் போனது எனக்குக் கேட்டது. என் குதிகாலும் பலகையிலிருந்து எழும்பிவிட்டது. இடுப்பு வரை நான் திரும்பிவிட்டேன் என்று மகள் பிறகு சொன்னாள்.

கை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அதை நான் அங்கே வைத்திருந்தேன். நெற்றியையும் கொண்டுபோய்க் கண்ணாடியில் முட்டிக்கொண்டேன், அவன் பெயர்மேல்.

வாசலிலிருந்து செக்ரட்டரியின் குரல் வந்தது. “லாரிமா! சயனைடு மேட்டுக்குப் போற லாரி!”

“சாரத்த வந்து புடிங்கண்ணா! லாரியப் பாக்கவா உங்கள நிக்க வச்சோம்?”

“உனக்கு மட்டும் இன்னா, கால் அங்க ஒண்ணு இங்க ஒண்ணு நிக்குது” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து பிடித்தார்.

மகள் கடைசிக் கம்பியை முறுக்கி, நுனியை வெட்டி, ஈயத்தோடு அழுத்திவிட்டாள். “ஆச்சும்மா. இப்ப விடலாம்” என்றாள்.

“நீ மொதல்ல எறங்கு.”

“அது நிக்கும்மா. கட்டிட்டேன்.”

“எறங்குன்னு சொல்றேன் இல்ல?”

அவள் இறங்கினாள். ஒற்றைக் கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. நான் திரும்பிப் பார்க்கவில்லை; அவள் கால் தரையைத் தொடும் சத்தம் கேட்கும்வரை அவன் பெயரை முறைத்துக்கொண்டு நின்றேன். பிறகும் அவள், “நான் வெளிய வந்துட்டேம்மா” என்று வாசலுக்கு அப்பாலிருந்து கத்திய பிறகுதான் கையை எடுத்தேன்.